உள்நாட்டுப் போர் ஓய்ந்த நாட்டில் பாதுகாப்பாகப் பயணம் செய்வது எப்படி?

மொசாம்பிக்கின் உள்நாட்டுப் போரை முடித்துவைத்த உடன்படிக்கை 1992 அக்டோபரில் ரோம் நகரில் கையெழுத்தானது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2013இலும் பின்னர் 2016இலும், மோதல்கள் மீண்டும் வெடித்ததால், அந்நாட்டின் தெற்கையும் வடக்கையும் இணைக்கும் என்1 பெருஞ்சாலையில், சாவே ஆற்றுக்கும் முஷுங்கே என்ற ஊருக்கும் இடைப்பட்ட பகுதியைக் கடக்க, பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் இராணுவக் காவலுடன் அணிவகுத்தே செல்ல வேண்டியிருந்தது. அதே நாள்களில் தலைநகர் மபூட்டோவில் கடைகளும் அலுவலகங்களும் வழக்கம்போல் இயங்கின. போர் ஓய்ந்த நாட்டுக்குப் பயணம் திட்டமிடுபவர் இந்த முரணை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. ‘அந்த நாடு பாதுகாப்பானதா?’ என்று கேட்டால் பயனுள்ள விடை கிடைக்காது. இந்தச் சாலையில், இந்த மாதத்தில், பகல் எத்தனை மணி வரை செல்லலாம் என்று கேட்டால் கிடைக்கும். அந்த விடையும் பெரும்பாலும், அங்கேயே வாழ்பவர்கள் எதைத் தவிர்க்கிறார்கள் என்பதைக் கவனிப்பதிலிருந்துதான் வரும். அவர்கள் உழாமல் விட்டிருக்கும் நிலம், சாலையில் இறங்காத நேரம், அந்நியர் முன் எடுக்காத பேச்சு ஆகிய மூன்றையும் அறிந்துகொள்ளும் வழிகளையே இந்த வழிகாட்டி விளக்குகிறது.

புறப்படும் முன்

அரசுகள் வெளியிடும் பயண அறிவுறுத்தல்களை வாசியுங்கள். ஆனால் நாட்டின் பெயருக்கு எதிரே உள்ள நிறத்தையோ எண்ணையோ மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை 2018 முதல் எல்லா நாடுகளையும் ஒன்று முதல் நான்கு வரையிலான நிலைகளில் வைக்கிறது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளும் தத்தம் முறையில் எச்சரிக்கின்றன. உங்களுக்குப் பயன்படுவது அவற்றின் கீழ்ப்பகுதியில் மாவட்டம் மாவட்டமாக எழுதப்பட்டிருக்கும் குறிப்புகளும், அவை கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியுமே. இந்த அறிவுறுத்தல்கள் பொதுவாக மிகை எச்சரிக்கையின் பக்கம் சாய்பவை. ஆபத்து வந்தவுடன் இறுகும், ஆபத்து போன பின்னும் தளர நாளாகும். ஆயினும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று அரசுகள் ஒரே மாவட்டத்தின் பெயரைச் சொல்லி விலக்கினால், அதை அப்படியே ஏற்றுக்கொள்வதே என் பரிந்துரை. உங்கள் சொந்த நாட்டின் தூதரகம் அங்கு உண்டா, இல்லையெனில் எந்த அண்டை நாட்டுத் தூதரகம் அப்பொறுப்பை வகிக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டு, பயண விவரங்களை அங்கே பதிவு செய்துவிடுங்கள்.

பயணக் காப்பீட்டில் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வழக்கமான காப்பீட்டு ஒப்பந்தங்களில் போர், கலவரம், ஆயுதக் கிளர்ச்சி ஆகியவற்றால் நேரும் பாதிப்புகள் விலக்கப்பட்டிருக்கும். அரசு ‘செல்ல வேண்டாம்’ என்று அறிவித்த பகுதிக்குள் நுழைந்தாலே, அங்கு நேரும் சாதாரணச் சாலை விபத்துக்குக்கூட இழப்பீடு மறுக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. பழைய வெடிபொருளால் ஏற்படும் காயம் ‘போர்ப் பாதிப்பு’ எனக் கணக்கிடப்படுமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் பெறுங்கள். விமானம் மூலம் வேறு நாட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவு அதில் அடங்கியிருக்க வேண்டும். இது ஆடம்பரம் அன்று. போருக்குப் பின் மருத்துவர்களும் கருவிகளும் தலைநகரில் மட்டுமே திரும்பியிருக்கும் நாடுகளில் இதுவே சிகிச்சைக்கான ஒரே வழியாக அமையக்கூடும்.

அனுமதி விதிகள் தளர்ந்தபின் மீண்டும் இறுகவும் கூடும். இலங்கையில் போர் 2009 மே மாதம் முடிந்து ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆன நிலையில், 2014 அக்டோபரில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் வட மாகாணத்துக்குச் செல்லப் பாதுகாப்பு அமைச்சின் முன் அனுமதி பெற வேண்டும் என்ற விதி திரும்பக் கொண்டுவரப்பட்டது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அது நீக்கப்பட்டது. ஆகவே கடந்த ஆண்டு சென்று வந்தவரின் சொல்லை மட்டும் நம்பிக் கிளம்பாமல், புறப்படும் வாரத்தில் மறுபடி விசாரிக்க வேண்டும். டிரோன், செயற்கைக்கோள் தொலைபேசி, தொலைநோக்கி, இராணுவ நிறங்களைக் கொண்ட உடைகள் ஆகியவற்றை விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்யும் நாடுகள் உள்ளன. அனுமதி உறுதியாகத் தெரியாதவரை அவற்றை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

நாள்காட்டியையும் பாருங்கள். தேர்தலுக்கு முந்தைய வாரங்களும், முடிவு அறிவிக்கப்படும் நாள்களும், முன்னாள் தளபதி ஒருவரின் வழக்கில் தீர்ப்பு வரும் நாளும் பதற்றமானவை. நினைவு நாள்கள் வேறு வகையானவை. 1994 இனப்படுகொலையின் நினைவாக ருவாண்டாவில் ஏப்ரல் 7 தொடங்கி ஒரு வாரமும், 1995 படுகொலையின் நினைவாக போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் ஜூலை 11ஆம் நாளும், இலங்கையின் வடக்கு கிழக்கில் மே 18ஆம் நாளும் துக்கத்துக்குரியவை. அந்நாள்களில் சாலைகள் அடைக்கப்படலாம், காவலும் கண்காணிப்பும் கூடலாம். கேளிக்கை மனநிலையில் திரியும் வெளியூர்க்காரரைக் கண்டால் எவருக்கும் கோபம் வரும். அந்த நாள்களைத் தவிர்க்க வேண்டும் என்பதில்லை. அவற்றின் பொருளை அறிந்து செல்ல வேண்டும்.

நிலத்தை வாசிப்பது

போர் முடிந்தபின்னும் ஆண்டுக்கணக்கில் உயிர்களைப் பறிப்பவை கண்ணிவெடிகளும், வீசப்பட்டு வெடிக்காமல் போன குண்டுகளுமே. அங்கோலாவின் போர் 2002 ஏப்ரலில் முடிந்தது. அங்கே கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. சிரியாவில் 2024 டிசம்பரில் ஆட்சி வீழ்ந்தபின் ஊர் திரும்பிய மக்களில் பலர், தங்கள் வீட்டு வாசலிலும் வயலிலும் கிடந்த வெடிபொருள்களுக்குப் பலியானார்கள். பல முனைகளில் பல படைகள், பெரும்பாலும் வரைபடம் எதுவும் வைக்காமல் புதைத்தவை என்பதால், எங்கே எத்தனை உள்ளன என்பது புதைத்தவர்களுக்கே தெரியாது. தெரிந்த இடமும் மாறும். 2014 மே மாதம் போஸ்னியாவில் பெய்த பெருமழையும் நிலச்சரிவுகளும் கண்ணிவெடிகளை இடம்பெயர்த்ததோடு எச்சரிக்கைப் பலகைகளையும் அடித்துச் சென்றன. மழைக்காலத்துக்குப் பின் ஆற்றோரமும் மலைச்சரிவும் பழைய வரைபடத்தில் ‘தூய்மை’ எனக் காட்டப்பட்டிருந்தாலும் புதிதாக விசாரிக்கப்பட வேண்டியவையே.

கண்ணிவெடி நடவடிக்கை மையம் என்ற பெயரில் பெரும்பாலான நாடுகளில் ஓர் அரசு அமைப்பு இருக்கும். சந்தேகத்துக்குரிய பகுதிகளின் வரைபடம் அங்கே கிடைக்கும். ஹேலோ டிரஸ்ட், எம்.ஏ.ஜி. போன்ற கண்ணிவெடி அகற்றும் தொண்டு நிறுவனங்களின் களப் பணியாளர்கள் அருகில் இருந்தால், அவர்களைவிடச் சரியாக வழி சொல்லக்கூடியவர் எவரும் இல்லை. ஒரு நாடு கண்ணிவெடி அற்றதாக அறிவிக்கப்பட்டிருப்பதன் பொருளையும் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். நேபாளம் 2011இலும் மொசாம்பிக் 2015இலும் அவ்வாறு அறிவித்தன. அறியப்பட்ட கண்ணிவெடி வயல்கள் அனைத்தும் அகற்றப்பட்டன என்பதே அதன் பொருள். புதரில் கிடக்கும் ஒற்றை எறிகுண்டுக்கு அந்த அறிவிப்பு உத்தரவாதம் தருவதில்லை.

எச்சரிக்கைக் குறிகளில் எளிதில் அடையாளம் தெரிவது, சிவப்புப் பின்னணியில் மண்டையோடும் குறுக்கெலும்புகளும் வரைந்த சதுர அல்லது முக்கோணப் பலகை. சில நாடுகளில் மஞ்சள் நாடா கட்டப்பட்டிருக்கும். வர்ணம் பூசிய கற்கள் வரிசையாகக் கிடந்தால், சிவப்பு ஆபத்தான பக்கத்தையும் வெள்ளை துப்புரவான பக்கத்தையும் காட்டுவது பல இடங்களில் வழக்கம். ஆனால் மரப்பலகை விறகாகிவிடும். தகரம் கூரைக்குப் போய்விடும். நாடா வெயிலில் இற்றுவிடும். ஆகையால் பலகை இல்லாத இடம் பாதுகாப்பானது என்று எண்ணுவதே மிகப் பெரிய ஆபத்து. ஊரார் தாமே வைக்கும் குறிகள் வேறு: குறுக்காகக் கட்டிய இரு குச்சிகள், பாதையின் குறுக்கே அடுக்கிய கற்குவியல், முடிச்சிட்ட புல், கழியில் கவிழ்த்த தகர டப்பா. உங்களுக்குப் பொருள் விளங்காத எந்தக் குறியையும் ‘போகாதே’ என்றே வாசியுங்கள்.

குறியே இல்லாதபோது நிலத்தின் பயன்பாட்டைப் பாருங்கள். வறுமை மிகுந்த ஊரின் நடுவே நல்ல மண் தரிசாகக் கிடக்கிறது, இருபுறமும் பயிர் விளைகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும். பழம் பறிக்கப்படாமல் மரத்திலேயே அழுகுவதும், கிணற்றுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை புல் மூடிக் கிடப்பதும், நல்ல நிலையில் உள்ள பாலத்தை விட்டு மக்கள் சுற்றிச் செல்வதும், விலங்குகளின் எலும்புகள் சிதறிக் கிடப்பதும் இவ்வகையானவை. பாலத்தின் அடிப்புறம், மின்கோபுரத்தின் சுற்றுப்புறம், இராணுவ முகாம் இருந்த மேடு, இருதரப்புப் படைகளும் எதிரெதிரே நின்ற முன்னரங்குக் கோடு ஆகியவை எந்தப் போரிலும் கண்ணிவெடி விதைக்கப்படும் இடங்கள். இலங்கையின் முகமாலை அத்தகைய முன்னரங்குதான். போர் முடிந்து பத்தாண்டுகள் கடந்தபின்னும் அங்கே அங்குலம் அங்குலமாக அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. சென்ற ஊரின் போர் வரலாற்றைச் சிறிதேனும் படித்திருந்தால், முன்னரங்கு எங்கே நின்றது என்ற கேள்வியை உங்களால் கேட்க முடியும். அது வெறும் வரலாற்று ஆர்வத்துக்கான படிப்பு அன்று.

உள்ளூர் மக்களைப் பின்பற்றுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கு ஓர் எல்லை உண்டு. விறகு வெட்டுபவரும், இரும்புத் துண்டு பொறுக்கி விற்பவரும், ஆடு மேய்க்கும் சிறுவனும் ஆபத்து என்று தெரிந்தே சில இடங்களுக்குள் செல்கிறார்கள், அன்றைய சோறு அங்கே இருப்பதால். அவர்கள் போனார்கள் என்பது நீங்கள் போவதற்குப் போதிய காரணம் ஆகாது. அன்றாடம் பலரும் நடந்து தேய்ந்த பாதையில், பலரும் நடக்கும் நேரத்தில் மட்டும் செல்லுங்கள். வழி கேட்கும்போதும் ‘இங்கே கண்ணிவெடி உண்டா?’ என்று கேட்டால், விருந்தினரைப் பயமுறுத்தக் கூடாது என்ற மரியாதையால் ‘இல்லை’ என்ற பதில் வரலாம். ‘நீங்கள் இந்த வழியாகப் போவீர்களா? உங்கள் பிள்ளைகளை அனுப்புவீர்களா? கடைசியாக யார் போனார்கள், எப்போது?’ என்று கேளுங்கள். இரண்டு பேரிடமாவது, தனித்தனியாகக் கேளுங்கள்.

வாகனப் பயணத்தின் நடுவே இயற்கைக் கடனுக்காக இறங்குவதுதான் பலரும் யோசிக்காத தருணம். வெட்கம் கருதிப் புதர் மறைவைத் தேடி நடக்காதீர்கள். தார்ச்சாலையின் மீதே, வண்டியின் பின்புறம் நின்று முடித்துக்கொள்ளுங்கள். எதிரே வரும் லாரிக்கு ஒதுங்க நேர்ந்தாலும், சக்கரம் பழுதானாலும், சாலையோர மண்ணில் இறங்காமல் சாலையிலேயே நிறுத்துவது இத்தகைய பகுதிகளில் ஓட்டுநர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு. கைப்பேசியின் வழிகாட்டிச் செயலி காட்டும் குறுக்கு வழியை ஒருபோதும் எடுக்காதீர்கள். ஒரு பாதை ஏன் கைவிடப்பட்டது என்பது அதற்குத் தெரியாது.

கைவிடப்பட்ட வீடுகள், பதுங்கு குழிகள், எரிந்த கவச வண்டிகள் ஆகியவை ஒளிப்படக்காரர்களை ஈர்க்கும். பின்வாங்கிய படையினர் கதவிலும் படிக்கட்டிலும், தொட்டாலோ மிதித்தாலோ வெடிக்கும் பொறிவெடி வைத்துச் சென்ற நாடுகள் பல உள்ளன. வெடிபொருள் இல்லாவிடினும் குண்டடிபட்ட தளமும் சுவரும் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. காப்பாளரோ முறையான வழிகாட்டியோ இல்லாத எந்த இடிபாட்டுக்குள்ளும் நுழைய வேண்டாம். தரையில் கிடக்கும் உலோகத் துண்டு எதையும் எடுக்கவோ உதைக்கவோ கூடாது. கொத்துக் குண்டிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் பந்து, பேட்டரி, நாடா கட்டிய பொம்மை போன்ற தோற்றங்களில் கிடப்பதால், குழந்தைகளுடன் செல்வோர் இந்த விதியை முதல் நாளே அவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும். முழங்கால் உயரத்தில் புல்லுக்குள் இழுத்துக் கட்டிய கம்பியோ நைலான் இழையோ தெரிந்தால், அதைத் தொடாமலும் வெட்டாமலும் தாண்டாமலும் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஒருவேளை, கண்ணிவெடிப் பகுதிக்குள் வந்துவிட்டோம் என்று உணர்ந்தால், அந்தக் கணமே நின்றுவிட வேண்டும். அடுத்த அடியைக்கூட முடிக்காமல் நிற்பதே முதல் வேலை. உடன் வருவோரைக் கூவி நிறுத்துங்கள்; அவர்களும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், உங்கள் அருகே வரக் கூடாது. பின்னர், கால்களை நகர்த்தாமல் சுற்றிலும் பாருங்கள். கம்பி தெரிகிறதா, மண் கிளறிய தடம் உள்ளதா, நீங்கள் கடைசியாக உறுதியாக அறிந்த பாதுகாப்பான இடம் எது என்பதைக் கவனியுங்கள். அருகில் வெடிபொருள் எதுவும் கண்ணுக்குத் தெரிந்தால் கைப்பேசியையோ வானொலிக் கருவியையோ இயக்காமல் குரலால் உதவி கேட்பதே பொதுவான அறிவுரை. உதவி வரும் என்றால், மணிக்கணக்கில் ஆனாலும் நின்றபடியே காத்திருங்கள். எவரும் வரப்போவதில்லை என்பது உறுதியான நிலையில் மட்டும், அதுவும் உங்கள் சொந்தக் காலடித் தடங்கள் தெளிவாகத் தெரிந்தால் மட்டும், அதே தடங்களில் பாதம் பதித்து, ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டுத் திரும்பலாம். கத்தியால் மண்ணைக் குத்திச் சோதித்தபடி முன்னேறும் முறையைப் பயிற்சி பெறாதவர் முயலக் கூடாது.

எவரேனும் காயமுற்றால் ஓடிச் சென்று தூக்குவதுதான் மனித இயல்பு. இரண்டாவது வெடிப்பு நிகழ்வதும் அப்படித்தான். நின்ற இடத்திலிருந்தே அவருடன் பேசுங்கள், அசையாமல் இருக்கச் சொல்லுங்கள், இரத்தம் வரும் இடத்தைத் தாமே அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பீறிடும் இரத்தத்தை இறுக்கி நிறுத்தும் டூர்னிகே பட்டை ஒன்றைத் தூக்கி எறிந்து கொடுக்க முடிந்தால் அது உயிரைக் காக்கும். அந்தப் பட்டையை வாங்கி வைத்திருப்பது மட்டும் போதாது. ஒற்றைக் கையால் அதைத் தன் காலில் கட்டிக்கொள்ளப் புறப்படும் முன்பே ஒவ்வொருவரும் பழகியிருக்க வேண்டும்.

சாலையும் சாவடியும்

இவ்வளவும் சொன்ன பிறகு, அளவில் பெரிய ஆபத்து எது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அது சாலை விபத்து. பராமரிப்பற்ற பாலங்கள், விளக்கில்லாத வண்டிகள், உரிமம் பெறாத ஓட்டுநர்கள், அருகில் இல்லாத மருத்துவமனை ஆகியவை சேர்ந்து, வேறு இடத்தில் எலும்பு முறிவோடு போயிருக்கும் விபத்தை உயிரிழப்பாக மாற்றுகின்றன. பொழுது சாய்ந்தபின் ஊருக்கு வெளியே பயணம் செய்யாதீர்கள். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தங்குமிடத்தை அடையும்படி தூரத்தைக் கணக்கிடுங்கள். வரைபடத்தில் உள்ள கிலோமீட்டரை நம்பாமல், ‘அங்கே போய்ச் சேர எத்தனை மணி நேரம்?’ என்று வாடகை வண்டி ஓட்டுபவரிடம் கேளுங்கள். விமானத்தையும் பகலில் இறங்குமாறு தேர்ந்தெடுங்கள். சியரா லியோனின் லுங்கி விமான நிலையம் தலைநகர் ஃப்ரீடவுனிலிருந்து கழிமுகத்தால் பிரிக்கப்பட்டிருக்கிறது. நள்ளிரவில் இறங்குபவர் இருட்டில் படகேற வேண்டியிருக்கும். உள்நாட்டு விமானச் சேவையைப் பயன்படுத்துவதாக இருந்தால், ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் வெளியிட்டு வரும் தடைசெய்யப்பட்ட விமான நிறுவனங்களின் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசின் நிறுவனங்கள் நெடுங்காலமாக அதில் இடம்பெற்றிருக்கின்றன.

ஓட்டுநரைத் தேர்ந்தெடுப்பது, வண்டியைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியம். செல்லும் பகுதியில் பிறந்தவராகவோ அங்கே வாரந்தோறும் சென்று வருபவராகவோ அவர் இருக்க வேண்டும். அவர் ‘இன்று வேண்டாம்’ என்றால், காரணம் கேட்டு வாதாடாதீர்கள். அன்றைய கூலியைக் கொடுத்துவிட்டுத் தங்கிவிடுங்கள். கூலி போய்விடுமோ என்ற அச்சத்தால் ஓட்டுநர் ஆபத்தை மறைக்கும் நிலையை உருவாக்காமல் இருப்பது உங்கள் கையில்தான் உள்ளது.

சோதனைச் சாவடியை நெருங்கும்போது தொலைவிலிருந்தே வேகத்தைக் குறையுங்கள். இரவாக நேர்ந்துவிட்டால் முகப்பு விளக்கைத் தாழ்த்தி, வண்டியின் உள்விளக்கைப் போடுங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, இசையை நிறுத்தி, கைகளைத் தெரியும்படி வைத்து, கைப்பேசியை மடியிலிருந்து அகற்றுங்கள். ஒருவர் மட்டும், பெரும்பாலும் ஓட்டுநரே, பேசட்டும். பைக்குள் கைவிட்டு ஆவணம் எடுக்குமுன் எடுக்கப்போவதாகச் சொல்லுங்கள். அசல் கடவுச்சீட்டு கேட்கப்படாதவரை அதன் நகலைக் கொடுப்பது நல்லது. சம்பளம் ஒழுங்காக வராத காவலர்கள் ‘தேநீர்ச் செலவு’ கேட்பது உண்டு. சிரித்த முகத்தோடு, அவசரம் காட்டாமல், ரசீது கிடைக்குமா என்று விசாரிப்பது பல வேளைகளில் போதும். ஆனால் ஆயுதம் ஏந்தியவர் மது அருந்தியவராகவோ சீருடையற்றவராகவோ இருந்தால், பேரத்துக்கான இடம் அதுவன்று. கேட்டதைக் கொடுத்துவிட்டுக் கடந்து செல்லுங்கள். இதற்கென்றே சிறு தொகையைத் தனிப் பையில் வைத்து, மீதிப் பணத்தையும் அட்டைகளையும் வேறு வேறு இடங்களில் பிரித்து வையுங்கள்.

போர் முடிந்தபின் அரசியல் வன்முறை குறைந்து குற்றம் பெருகுவதும் உண்டு. எல் சால்வடோரில் 1992இல் சமாதானம் ஏற்பட்ட பின் பல ஆண்டுகள் கும்பல் வன்முறையே உயிர்களைப் பறித்தது. கொலம்பியாவில் 2016 உடன்படிக்கைக்குப் பிறகும், அதில் சேராத ஆயுதக் குழுக்கள் தொலைதூர மாவட்டங்களில் இயங்குகின்றன. எந்தத் தெரு எந்த நேரம் வரை என்பதைத் தங்குமிடத்தின் வரவேற்பாளரிடம் கேட்பதோடு, இரவுக் காவலரிடமும் கேளுங்கள். பின்னவருக்குத்தான் உண்மை நிலை தெரியும். தங்கும் அறை இரண்டாவது அல்லது மூன்றாவது மாடியில் இருப்பது நல்லது. மின்வெட்டு மிகுந்த ஊர்களில் மின்னாக்கியின் புகை அறைக்குள் வராதபடி இருக்கிறதா என்றும் பாருங்கள். மூடிய அறையில் அந்தப் புகை உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியது.

பேச்சும் படமும்

நீங்கள் சந்திக்கும் எவரும் போரின் எந்தப் பக்கத்தில் நின்றவராகவும் இருக்கலாம். சியரா லியோனில் 2002இல் போர் முடிந்தபின், ஆயுதத்தைக் கைவிட்ட இளைஞர்களில் கணிசமானோர் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டத் தொடங்கினர். உங்களை ஏற்றிச் செல்பவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். வேறொரு வண்டியில் பின்னால் அமர்ந்து செல்பவர் அவர்களால் பாதிக்கப்பட்டவராகவும் இருக்கலாம். ‘நீங்கள் எந்த இனம்? போரில் என்ன செய்தீர்கள்?’ என்ற கேள்விகளை நீங்களாக எழுப்பாதீர்கள். ருவாண்டாவில் 1994க்குப் பின் அடையாள அட்டையிலிருந்து இனக் குறிப்பு நீக்கப்பட்டது. இனப் பிரிவினையைத் தூண்டுவதாகக் கருதப்படும் பேச்சு அங்கே தண்டனைக்குரியது. அவர்களே சொல்லத் தொடங்கினால் கேளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். தேநீர்க் கடையிலும் பகிர்ந்து செல்லும் வண்டியிலும் அரசியல் பேச வேண்டாம்.

தன் பாதுகாப்பை மட்டும் எண்ணும் பயணி மறந்துவிடும் ஒன்று உண்டு. நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். உங்களோடு பேசியவர் அங்கேயே இருப்பார். கண்காணிப்பு நிலவும் பகுதிகளில், வெளிநாட்டவர் வந்துபோன வீட்டுக்கு மறுநாள் விசாரணைக்கு ஆள் வருவது அரிதன்று. ஆகவே காணாமல்போனோரின் குடும்பம், முன்னாள் போராளி, நில மீட்புக்காகக் குரல் கொடுப்பவர் போன்றோரின் பெயரையும் முகத்தையும் ஊரையும் சமூக ஊடகத்தில் இடாதீர்கள். அவர் ஒப்புக்கொண்டாலும் இரண்டு முறை யோசியுங்கள். அவர்களுடைய எண்களையும் உரையாடல்களையும் கைப்பேசியில் திறந்த நிலையில் வைத்துக்கொண்டு சாவடிகளைக் கடப்பதும் தவறு.

படம் எடுப்பதைப் பொறுத்தவரை விதி எளிது. படையினர், சாவடி, பாலம், துறைமுகம், விமான நிலையம், அரசு மாளிகை ஆகியவற்றை எடுக்கக் கூடாது. எடுத்துப் பிடிபட்டால் வாதிடாமல் அவர்கள் கண்முன்னே அழித்துவிட வேண்டும். கல்லறைகளிலும் நினைவிடங்களிலும் தற்படம் எடுப்பது சட்டத்துக்கு அப்பால் மனித மரியாதை சார்ந்த விஷயம்.

உடலும் பணமும்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆப்பிரிக்காவில் மீண்டுவரும் பல நாடுகளுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்தே அது செல்லுபடியாகும். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுவதற்கும் போதுமானது. மலேரியாத் தடுப்பு மாத்திரையை மருத்துவரின் ஆலோசனையுடன் தொடங்கி, திரும்பிய பின்னும் சொன்ன நாள் வரை முடிக்க வேண்டும். வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளைப் பயண நாள்களைவிடக் கூடுதலான நாள்களுக்கு, மருத்துவரின் சீட்டுடன் எடுத்துச் செல்லுங்கள். போலி மருந்துகள் புழங்கும் சந்தைகளை நம்ப முடியாது. உங்கள் இரத்த வகையை ஆவணங்களோடு எழுதி வையுங்கள். வங்கி அட்டைகள் தலைநகரைத் தாண்டினால் பயனற்றுப் போகலாம் என்பதால் ரொக்கம் தேவை. கிழியாத, மடிப்பும் கறையும் இல்லாத புதிய டாலர் தாள்களையே பல இடங்களில் வாங்குவார்கள்.

தொடர்புக்கான ஒழுங்கு ஒன்றை வீட்டிலிருக்கும் ஒருவருடன் வகுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குச் செய்தி வரும், வராவிட்டால் எத்தனை மணி நேரம் பொறுக்க வேண்டும், அதன்பின் முதலில் யாரை அழைக்க வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வலையமைப்பு இல்லாத பகுதிக்குச் செல்லும் நாளில் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; இல்லையெனில் தேவையற்ற பீதியும், அடுத்தமுறை உண்மையான ஆபத்தில் அலட்சியமும் விளையும்.

நாடு திரும்பும்போது தோட்டா உறை, குண்டுச் சிதறல், பதக்கம், தலைக்கவசம் போன்ற போர்ப் பொருள்களை நினைவுப் பரிசாக வாங்கி வராதீர்கள். சந்தையில் பளபளப்பாக்கி விற்கப்படும் உறைக்குள்ளும் வெடிமருந்து எஞ்சியிருக்கலாம். விமான நிலையத்தில் அது கைதுக்குக் காரணமாகலாம். அத்தகைய விற்பனை, ஆபத்தான நிலத்துக்குள் இரும்பு பொறுக்கச் செல்வதை ஊக்குவிக்கவும் செய்கிறது. தூதரகத்தில் செய்த பதிவை முடித்துவையுங்கள். மலேரியாப் பகுதியில் இருந்தவருக்குத் திரும்பிய பின் ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால், அன்றே மருத்துவரிடம் சென்று, கேட்கப்படாவிட்டாலும், எந்த நாட்டில் எந்த மாதங்களில் இருந்தீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.